தடுப்பூசிச் சராசரியும் நம் லயத்துக் கணக்கும்

தோட்டப்புறப் பட்டணம் ஒன்றில் தட்டம்மை கண்டதாகச் செய்தி வந்தால் பெற்றோரிடம் இரண்டு கேள்விகள் எழுகின்றன. நாட்டில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு ஊசி போட்டாயிற்று என்று சொல்கிறார்களே, பிறகு நோய் இங்கே எப்படி வந்தது? ஊசி போட்ட பிள்ளையும் காய்ச்சலில் படுத்துவிட்டதே, அப்படியானால் அந்த ஊசியால் என்ன பயன்? இரண்டும் நியாயமான கேள்விகள். இவற்றுக்குப் பதில் கிடைக்காத இடத்தில்தான் கைப்பேசியில் வலம் வரும் வதந்தி குடியேறுகிறது. மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் போன்ற ஓர் ஊரை, அதாவது நடுவில் பட்டணம், சுற்றிலும் செம்பனைத் தோட்டங்கள், அவற்றில் எஞ்சியிருக்கும் லயங்கள் எனும் தொழிலாளர் வரிசை வீடுகள், தோட்டத்தை விட்டு வந்தவர்கள் குடியேறிய மலிவுவிலை வீடுகள் என்று அமைந்த ஓர் ஊரை மனத்தில் வைத்து, அடிப்படையிலிருந்து இந்தக் கேள்விகளை அணுகுவோம்.

உடல் ஒரு கிருமியை எப்படி நினைவில் வைக்கிறது

கிருமி உடலுக்குள் நுழைந்ததும் முதலில் எதிர்ப்பது பிறவியிலேயே அமைந்த பொதுக் காவல். காய்ச்சல், வீக்கம், கண்டதை விழுங்கும் வெள்ளையணுக்கள் எல்லாம் இந்த வகை. இது விரைவாக வேலை செய்யும். ஆனால் எதிரி யார் என்று பிரித்தறியாது. அதே நேரத்தில் வேறு சில அணுக்கள் கிருமியின் துணுக்குகளை எடுத்துக்கொண்டு கழுத்து, அக்குள், தொடை இடுக்கு ஆகிய இடங்களில் உள்ள நிணநீர்க் கணுக்களுக்குப் போகின்றன. அங்கே கோடிக்கணக்கான பி அணுக்களும் டி அணுக்களும் காத்திருக்கின்றன. அவற்றில் அந்தத் துணுக்குக்குப் பொருந்துபவை மட்டும் பெருகத் தொடங்கும். பி அணுக்கள் எதிர்ப்புப் புரதங்களைச் சுரக்கும்; டி அணுக்களில் ஒரு பிரிவு, கிருமி குடிபுகுந்த உடலணுக்களை அழிக்கும்.

இந்தப் படை முழுமையாகத் திரளச் சுமார் ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை ஆகும். முதன்முறை வரும் நோய் ஆபத்தாவது இந்த இடைவெளியில்தான். உயிர் பிழைத்தால், படையில் ஒரு பகுதி நினைவணுக்களாகப் பல ஆண்டுகள் தங்கிவிடும். அதே கிருமி மறுபடி வந்தால் இம்முறை சில நாட்களிலேயே எதிர்ப்பு எழுந்துவிடும்.

நோயைப் படாமலேயே இந்த நினைவை உண்டாக்குவதுதான் தடுப்பூசியின் வேலை. அதற்கு மேல் அதில் மந்திரம் எதுவும் இல்லை. எட்வர்ட் ஜென்னர் 1796இல் மாட்டம்மைப் புண்ணின் நீரை ஒரு சிறுவனின் கையில் கீறி ஏற்றியபோது செய்ததும் இதுதான். ஆனால் அணுக்களைப் பற்றி அன்று யாருக்கும் தெரியாது. கப்பலில் வந்து, பினாங்கின் ஜெரெஜாக் தீவில் தனிமைப்படுத்தலில் இருந்துவிட்டுத் தோட்டங்களுக்குப் போன நம் முன்னோர் தலைமுறைக்கு ‘அம்மை குத்துவது’ என்பது பழகிய சொல். பெரியம்மை உலகிலிருந்தே ஒழிந்துவிட்டதென்று உலகச் சுகாதார நிறுவனம் 1980இல் அறிவித்த பிறகு அந்தக் குத்து நின்றது. இன்றைய பிள்ளைகளின் இடது தோளில் இருக்கும் தழும்பு அதுவன்று. பிறந்தவுடன் போடும் காசநோய்த் தடுப்பூசியான பிசிஜியின் தழும்பு. சில வாரங்கள் கழித்து அந்த இடத்தில் ஒரு சிறு கொப்புளம் எழும்பி, சீழ் வைத்து, தானே ஆறும். ஊசி வேலை செய்வதன் அடையாளம் அது. மஞ்சளோ களிம்போ தடவத் தேவையில்லை.

நினைவூட்டும் வழிகள்

கிருமியின் எந்தப் பகுதியை, எந்த நிலையில் உடலுக்குக் காட்டுகிறோம் என்பதைப் பொறுத்துத் தடுப்பூசிகள் வேறுபடுகின்றன.

1. உயிருள்ள, ஆனால் வலுக்குறைத்த கிருமி: தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் எம்எம்ஆர், பிசிஜி, இளம்பிள்ளை வாதம் எனும் போலியோவுக்கான வாய்வழிச் சொட்டு மருந்து.
2. கொல்லப்பட்ட முழுக் கிருமி: வெறிநாய்க்கடித் தடுப்பூசி, ஊசிவழி இளம்பிள்ளை வாதத் தடுப்பூசி, கோவிட் காலத்தில் இங்கே பலருக்கும் போட்ட சினோவாக்.
3. செயலிழக்கச் செய்த நஞ்சு: தொண்டை அடைப்பான் (டிப்தீரியா), இரண ஜன்னி (டெட்டனஸ்). இவற்றில் உடலைக் கெடுப்பது கிருமி சுரக்கும் நஞ்சு என்பதால், எதிர்ப்பும் அந்த நஞ்சுக்கு எதிராகவே உண்டாக்கப்படுகிறது.
4. கிருமியின் ஒரு பகுதி மட்டும்: கல்லீரல் அழற்சியைத் தடுக்கும் ஹெப்பாடைடிஸ் பி, கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்க 13 வயதுப் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளியில் போடும் எச்பிவி.
5. புரதம் செய்வதற்கான குறிப்பு மட்டும்: ஃபைசர் போன்ற எம்ஆர்என்ஏ தடுப்பூசிகள். உடலணுக்கள் அந்தக் குறிப்பைப் படித்துச் சிறிது காலம் கிருமியின் ஒரு புரதத்தைச் செய்து காட்டும். பிறகு குறிப்பு சிதைந்துவிடும். அது அணுவின் கருவுக்குள் நுழைவதில்லை. ஆகவே மரபணுவை மாற்றும் என்ற அச்சத்துக்கு இடமில்லை.

எந்த வகையானாலும், காட்டிய கிருமியை மட்டுமே உடல் கற்றுக்கொள்ளும். இதற்குப் பேராக் மக்கள் மறக்கக் கூடாத ஒரு சான்று உண்டு. 1998இன் பிற்பகுதியில் ஈப்போ வட்டாரப் பன்றிப் பண்ணைகளில் மூளைக்காய்ச்சல் பரவியபோது, அது கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்றே முதலில் கருதப்பட்டது. கொசுப்புகை அடித்தார்கள், அந்த நோய்க்கான தடுப்பூசியும் போட்டார்கள். நோய் நிற்கவில்லை, நெகிரி செம்பிலானுக்கும் போய்ச் சேர்ந்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் சிறுவர்களைத் தாக்குவது. இங்கே விழுந்தவர்களோ பன்றிகளைத் தொட்டு வேலை செய்த பெரியவர்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங், சுங்கை நிப்பா கிராமத்து நோயாளி ஒருவரிடமிருந்து அதுவரை உலகம் அறியாத ஒரு வைரஸைப் பிரித்தெடுத்தார். அந்த நிப்பா வைரஸ் மலேசியாவில் 265 பேரைத் தாக்கி 105 பேரைக் கொன்றது. ‘ஊசி போட்டும் செத்தார்களே’ என்று அந்த நாட்களைப் பற்றிப் பேசுவது சரியன்று. போட்ட ஊசி காக்கும் கிருமி வேறு, கொன்ற கிருமி வேறு. சளிக்காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்ட பெரியவருக்கு டிங்கி வந்தாலும் இதே விளக்கம்தான் பொருந்தும்.

ஊசி போட்ட பிள்ளைக்கும் நோய் வருவது ஏன்

எந்தத் தடுப்பூசியும் நூற்றுக்கு நூறு காப்பதில்லை. எம்எம்ஆர் இரண்டு முறை போட்டால் தட்டம்மையிலிருந்து சுமார் 97 விழுக்காட்டினருக்குப் பாதுகாப்புக் கிடைக்கும். மலேசியாவில் இதை 9ஆம் மாதமும் 12ஆம் மாதமும் போடுவதற்குக் காரணம் உண்டு. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் புரதங்கள் குழந்தையின் இரத்தத்தில் எஞ்சியிருந்தால், அவை ஊசியில் உள்ள வலுக்குறைந்த வைரஸையும் அழித்துவிடும். அதனால் 9ஆம் மாத ஊசி சிலருக்குப் பிடிக்காமல், அதாவது பலன் தராமல், போகும். அந்தப் புரதங்கள் மறையும்வரை காத்திருந்தால், பாதுகாப்பில்லாத மாதங்கள் கூடிவிடும். எனவேதான் முந்தி ஒன்று, பிந்தி ஒன்று.

இப்போது ஒரு கணக்கைப் பார்ப்போம். 200 பிள்ளைகள் படிக்கும் ஒரு தமிழ்ப்பள்ளியில் 190 பேருக்கு இரண்டு ஊசியும் போட்டிருக்கிறார்கள், 10 பேருக்கு ஒன்றும் இல்லை என்று வைத்துக்கொள்வோம். தட்டம்மை நுழைந்து எல்லாரையும் எட்டிவிடுகிறது. ஊசி போடாத 10 பேரில் 9 பேருக்கு நோய் காணும். போட்ட 190 பேரில் 3 விழுக்காடு, அதாவது ஏறக்குறைய 6 பேருக்குக் காணும். மொத்தம் 15 நோயாளிகள். அவர்களில் 6 பேர் ஊசி போட்டவர்கள். ‘பாதிக்கப்பட்டவர்களில் 40 விழுக்காட்டினர் தடுப்பூசி போட்டவர்கள்’ என்று ஒருவர் எழுதினால் அது பொய்யாகாது. ஆனாலும் படிப்பவரை முற்றிலும் தவறான முடிவுக்குக் கொண்டுபோய்விடும். கேட்க வேண்டிய கேள்வி, போட்டவர்களில் எத்தனை பேர், போடாதவர்களில் எத்தனை பேர் என்பதே. போட்டவர்களில் 190க்கு 6. போடாதவர்களில் 10க்கு 9. ஆபத்து ஏறக்குறைய முப்பது மடங்கு வேறுபடுகிறது. ஊரில் ஊசி போட்டவர்கள் கூடக்கூட, நோயாளிகளில் அவர்களுடைய பங்கும் கூடத்தான் செய்யும். எல்லாருக்கும் போட்ட ஊரில் வரும் ஒன்றிரண்டு நோயாளிகளும் ஊசி போட்டவர்களாகவே இருப்பார்கள்.

கூட்டுப் பாதுகாப்பும் சராசரி மறைக்கும் ஓட்டையும்

எதிர்ப்புச் சக்தி இல்லாதவர்கள் நடுவே ஒரு தட்டம்மை நோயாளி 12 முதல் 18 பேருக்கு நோயைக் கொடுக்க முடியும். இருமியவர் வெளியேறிய பிறகும் அந்த அறையின் காற்றில் வைரஸ் இரண்டு மணி நேரம் வரை தங்கும். ஒருவர் 15 பேருக்குக் கொடுப்பதாகக் கொண்டால், அந்த 15 பேரில் 14 பேருக்கு எதிர்ப்பு இருந்தால்தான் நோய் ஒருவரிடமிருந்து ஒருவருக்கு என்ற அளவில் நின்று, பிறகு தேயும். 15இல் 14 என்பது 93 விழுக்காடு. ஊசி பிடிக்காமல் போகும் சிலரையும் சேர்த்துப் பார்த்தால், சுகாதாரத் துறையினர் 95 விழுக்காடு என்று விடாப்பிடியாகச் சொல்வதன் காரணம் விளங்கும். அவ்வளவு வேகமாகப் பரவாத தொண்டை அடைப்பானுக்கும் இளம்பிள்ளை வாதத்துக்கும் 80 முதல் 86 விழுக்காடு வரை போதும்.

ஊசி போட முடியாதவர்களையும் இந்தக் கூட்டுப் பாதுகாப்பே காக்கிறது. 9 மாதம் ஆகாத குழந்தை, இரத்தப் புற்றுநோய்க்கு மருந்து எடுக்கும் சிறுவன், கர்ப்பிணி ஆகியோருக்கு எம்எம்ஆர் போட முடியாது. அவர்களைச் சுற்றியுள்ளவர்களின் ஊசிதான் அவர்களுடைய ஊசி.

இனித்தான் இந்தக் கட்டுரையின் மையக் கருத்து. 95 விழுக்காடு என்பது மாவட்டத்துக்கோ நாட்டுக்கோ எடுத்த சராசரி. கிருமி சராசரியில் பரவுவதில்லை. லயத்தில் பரவுகிறது, வகுப்பறையில் பரவுகிறது, பள்ளி வேனில் பரவுகிறது. ஒரு மாவட்டத்தில் 5,000 பிள்ளைகள், அவர்களில் 250 பேருக்கு ஊசி இல்லை என்று கொண்டால், சராசரி 95 விழுக்காடு. அந்த 250 பேரும் ஊரெங்கும் சிதறி இருந்தால் இருபதுக்கு ஒருவர்தான். நோய் அதிக தூரம் போகாது. ஆனால் அவர்களில் 60 பேர் 150 பிள்ளைகள் வாழும் ஒரே தோட்டக் குடியிருப்பில் இருந்தால், அங்கே நூற்றுக்கு 40 பேர் பாதுகாப்பற்றவர்கள். மாவட்டக் கணக்கு மாறவில்லை. அந்தக் குடியிருப்போ காய்ந்த லாலாங் காடுபோல் ஒரு பொறிக்காகக் காத்திருக்கிறது.

தோட்டப்புற ஊர்களில் இந்த ஓட்டைகள் ஏன் விழுகின்றன? ஊசிக்கு எதிரான கொள்கை கொண்டவர்கள் நம்மிடையே குறைவு. காரணங்கள் பெரும்பாலும் வேறு:

1. இடமாற்றம். தோட்டத்தில் டிரெஸ்ஸர் எனும் மருத்துவ உதவியாளரும் மருந்தகமும் இருந்த காலத்தில் யார் வீட்டுப் பிள்ளைக்கு எந்த ஊசி பாக்கி என்று அவருக்குத் தெரிந்திருந்தது. தோட்டம் கைமாறி, குடும்பம் பட்டணத்துக்கும் பிறகு சிலாங்கூருக்கும் பெயரும்போது 18ஆம் மாத ஊசி விட்டுப்போகிறது. பிறந்தது முதல் 5ஆம் மாதம் வரை ஒழுங்காகப் போட்டு, அதன்பின் வெறுமையாகக் கிடக்கும் கிளினிக் புத்தகங்களே இதற்குச் சாட்சி.
2. பத்திரம். பிறப்புப் பத்திரம் இல்லாத பிள்ளைகள் நம் சமூகத்தில் இன்னும் இருக்கிறார்கள். பத்திரத்தைக் கேட்பார்களோ, வெளிநாட்டவர் கட்டணம் வாங்குவார்களோ என்ற தயக்கத்திலேயே பெற்றோர் கிளினிக் பக்கம் போவதில்லை. பிள்ளை பள்ளியிலும் சேராவிட்டால், 7 வயதிலும் 13 வயதிலும் 15 வயதிலும் பள்ளியில் போடும் ஊசிகளும் தவறிவிடும்.
3. நாட்கூலி. கிளினிக்கில் அரை நாள் போனால் அரை நாள் கூலி போகிறது. இது அலட்சியம் என்று பேசுவோர் கூலிக்கு வேலை செய்து பார்த்ததில்லை.
4. வெளிநாட்டுத் தொழிலாளர்கள். அவர்களுடைய குடியிருப்பும் நம் லயமும் பல தோட்டங்களில் ஒரே வேலிக்குள் இருக்கின்றன. அவர்களுக்கு என்ன ஊசி போட்டிருக்கிறது என்ற பதிவு பெரும்பாலும் இங்கே இருப்பதில்லை. இதை அவர்கள்மேல் சுமத்தும் குற்றமாகப் பேசக் கூடாது. பாதுகாப்பு வேலிக்குள் உள்ள எல்லாருக்கும் சேர்ந்தே அமையும் என்பதுதான் செய்தி.

சராசரி உயர்ந்திருந்தும் ஓட்டை வழியே நோய் நுழைந்ததற்கு இந்நாட்டிலேயே சான்றுகள் உள்ளன. 2016இல் மலாக்காவிலும் கெடாவிலும் தொண்டை அடைப்பானால் பிள்ளைகள் இறந்தார்கள். இறந்தவர்களில் தடுப்பூசியே போடாதவர்கள் இருந்தார்கள். 2019 டிசம்பரில் சபாவின் துவாரானில் 3 மாதக் குழந்தை ஒன்றுக்கு இளம்பிள்ளை வாதம் உறுதியானது. 27 ஆண்டுகளுக்குப் பிறகு மலேசியாவில் பதிவான முதல் நோயாளி அந்தக் குழந்தை.

சபா நிகழ்வை நேர்மையாக விளக்க வேண்டும். அரைகுறையாகக் கேள்விப்பட்டவர்கள் ‘ஊசியால்தான் போலியோ வந்தது’ என்கிறார்கள். அங்கே கண்டது வாய்வழிச் சொட்டு மருந்திலுள்ள வலுக்குறைந்த வைரஸின் வழித்தோன்றல். பிலிப்பீன்ஸில் அப்போது பரவிக்கொண்டிருந்த வைரஸோடு மரபுத் தொடர்புடையது. சொட்டு மருந்து குடித்த குழந்தையின் மலத்தில் அந்த வைரஸ் சிறிது காலம் வெளியேறும். சுற்றியுள்ள எல்லாருக்கும் எதிர்ப்பு இருந்தால் அது அங்கேயே முடிந்துவிடும். ஊசியும் சொட்டு மருந்தும் கிடைக்காத பிள்ளைகள் திரளாக வாழும் இடத்தில், கழிவுநீர் வசதியும் இல்லாவிட்டால், ஒருவரிடமிருந்து ஒருவருக்கு மாதக்கணக்கில் தாவி, மாறி, பழைய வலுவைத் திரும்பப் பெற்றுவிடும். தோற்றம் மருந்தில்தான், ஆனால் மருந்து எட்டாத கூட்டம் இருந்ததால்தான் அது நோயாயிற்று. மலேசியாவில் வழக்கமான அட்டவணையில் இப்போது போடுவது கொல்லப்பட்ட வைரஸ் கொண்ட ஊசி. அதிலிருந்து இவ்வாறு நேர வழியே இல்லை.

வேப்பிலை கட்டுவதற்கு முந்திய நான்கு நாட்கள்

வீட்டில் அம்மை கண்டால் வாசலில் வேப்பிலை செருகுவதும், பிள்ளையைத் தனியே படுக்க வைப்பதும், உற்றார் உறவினர் வராமல் நிறுத்துவதும், தண்ணீர் ஊற்றிய பிறகே வெளியே விடுவதும் நம் வழக்கம். மாரியம்மனை நினைத்துச் செய்யும் இந்த ஒழுங்கில் நோயாளியைப் பிரித்து வைக்கும் அறிவும் அடங்கியிருக்கிறது. அதை ஏளனம் செய்வோரோடு எனக்கு உடன்பாடில்லை.

ஆனால் தட்டம்மையின் போக்கு இந்த ஒழுங்கை முந்திக்கொள்கிறது. தடிப்பு தோன்றுவதற்கு நான்கு நாட்களுக்கு முன்பே நோயாளி பரப்பத் தொடங்கிவிடுவார். அந்நாட்களில் காய்ச்சல், மூக்கொழுகல், சிவந்த கண், இருமல் ஆகியவைதான் தெரியும். சாதாரணச் சளி என்றே பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்புவோம். வாசலில் வேப்பிலை ஏறும்போது வகுப்பறையில் வைரஸ் ஏற்கெனவே ஏறியிருக்கும். தனிமைப்படுத்தல் மட்டும் இந்த நோயை நிறுத்தாததற்குக் காரணம் இதுதான். தட்டம்மை கண்டவர்களில் ஆயிரத்தில் ஒருவருக்கு மூளையழற்சி வருகிறது. நுரையீரல் அழற்சி அதைவிட அதிகம். அது மட்டுமன்றி, பழைய நோய்களைப் பற்றி உடல் சேர்த்து வைத்த நினைவணுக்களையும் தட்டம்மை அழிக்கிறது; குணமான பிள்ளை பல மாதங்கள் மற்ற நோய்களுக்கு எளிதில் இரையாகிறது. அம்மை கண்ட பிள்ளையை வழக்கப்படி கவனித்துக்கொள்வதோடு மருத்துவரிடமும் காட்ட வேண்டும். முன்கூட்டியே அழைத்துச் சொல்லிவிட்டுப் போனால், காத்திருக்கும் அறையில் கைக்குழந்தைகளோடு உட்கார வைக்காமல் பிரித்துப் பார்ப்பார்கள்.

கூட்டம் காக்காத நோய்

இரண ஜன்னி மனிதரிடமிருந்து மனிதருக்குத் தொற்றுவதில்லை. அதன் கிருமி மண்ணிலும் சாணத்திலும் உறங்கும். செம்பனை மட்டையின் முள் உள்ளங்கையில் ஆழமாக ஏறி, மேல்தோல் மூடிக்கொண்டால், காற்றுப்படாத அந்தத் துளை கிருமிக்கு ஏற்ற இடம். அது சுரக்கும் நஞ்சு நரம்பைப் பிடித்து, தாடையை இறுக்கி, முதுகை வில்லாக வளைக்கும். ஊரில் மற்ற எல்லாரும் ஊசி போட்டிருந்தாலும் முள் குத்தியவருக்கு அதனால் பயனில்லை. இந்த நோய் வந்து பிழைத்தவருக்குக்கூட எதிர்ப்பு உண்டாவதில்லை. கொல்லும் அளவு நஞ்சே உடல் கற்றுக்கொள்ளப் போதாத அளவு சிறியது. ஊசி ஒன்றுதான் வழி, அதுவும் பத்தாண்டுக்கு ஒரு முறை.

தோட்டத்துக் குடும்பங்களில் இங்கே ஒரு விந்தையான நிலை காணப்படுகிறது. பெண்களுக்குக் கர்ப்பகாலத்தில் அரசாங்கக் கிளினிக்கில் இந்த ஊசி போடுகிறார்கள். குலை வெட்டும் ஆண்களுக்கோ கடைசி ஊசி 15 வயதில், பள்ளியில். இடையில் பள்ளியை விட்டவர்களுக்கு அதுவும் இல்லை. முள்ளோடும் அரிவாளோடும் வேலை செய்யும் 40 வயதுக்காரருக்குப் பாதுகாப்பு தேய்ந்துபோய்ப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். தோட்ட நிர்வாகங்களும் தொழிற்சங்கமும் கையுறையைப் பற்றிப் பேசும் அதே மூச்சில் இதையும் பேச வேண்டும்.

ஆபத்தே இல்லையா

உண்டு; அளவைத்தான் ஒப்பிட வேண்டும். காய்ச்சல், குத்திய இடத்தில் வீக்கம், ஓரிரு நாள் அழுகை ஆகியவை சாதாரணம். எம்எம்ஆருக்குப் பின் சில ஆயிரம் பிள்ளைகளில் ஒருவருக்குக் காய்ச்சல் வலிப்பு வரலாம். பார்க்கப் பயமாக இருக்கும், ஆனால் நிலையான பாதிப்பைத் தருவதில்லை. கடுமையான ஒவ்வாமை ஏறக்குறைய பத்து லட்சத்தில் ஒருவருக்கு. ஊசி போட்டபின் கொஞ்ச நேரம் உட்காரச் சொல்வது அதற்காகத்தான்.

அரிய தீங்குகளைக் கண்டுபிடிக்க, ஊசி புழக்கத்துக்கு வந்த பிறகும் கண்காணிப்பு நீடிக்கிறது. அமெரிக்காவில் 1999இல், வயிற்றுப்போக்கைத் தடுக்கும் ஒரு ரோட்டா வைரஸ் மருந்து, சில குழந்தைகளுக்குக் குடல் செருகலை உண்டாக்குவது தெரிந்ததும் விலக்கிக்கொள்ளப்பட்டது. எம்எம்ஆருக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு உண்டு என்ற கதைக்கு மூலம், 1998இல் வெறும் 12 குழந்தைகளை வைத்து வெளிவந்த ஒரு கட்டுரை. அதை வெளியிட்ட இதழே 2010இல் அதைத் திரும்பப் பெற்றது. டென்மார்க்கில் ஆறரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 2019இல் வெளியான ஆய்வு அப்படியொரு தொடர்பைக் காணவில்லை.

விட்டுப்போன ஊசிகளுக்கு என்ன செய்வது

கிளினிக் புத்தகத்தை எடுத்து இந்த வரிசையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிறந்தவுடன் பிசிஜியும் ஹெப்பாடைடிஸ் பியும். 2, 3, 5, 18ஆம் மாதங்களில் ஆறு நோய்களுக்கான கூட்டு ஊசி. 4, 6, 15ஆம் மாதங்களில் நுரையீரல் அழற்சிக் கிருமி ஒன்றுக்கு எதிரான நிமோகாக்கல். 9, 12ஆம் மாதங்களில் எம்எம்ஆர். பிறகு பள்ளியில் போடுபவை.

இடையில் ஒன்று விட்டுப்போய் ஓராண்டோ ஈராண்டோ கழிந்திருந்தாலும் முதலிலிருந்து தொடங்கத் தேவையில்லை. முதல் ஊசி உண்டாக்கிய நினைவணுக்கள் காத்திருக்கும். நின்ற இடத்திலிருந்து தொடரலாம். புத்தகம் தொலைந்திருந்தால், முதலில் போட்ட கிளினிக்கின் பதிவேட்டில் கேட்கலாம். அங்கும் கிடைக்காவிட்டால் போடாததாகவே கருதிப் போட்டுவிடுவார்கள். எம்எம்ஆர் ஒன்று கூடுதலாகப் போவதால் தீங்கில்லை. பத்திரம் இல்லாத பிள்ளையானால், கட்டணம் எவ்வளவு, என்ன ஆவணம் வேண்டும் என்பதைக் கிளினிக் தாதியிடம் நேரில் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். பக்கத்து வீட்டார் சொன்னதைக் கேட்டுத் திரும்பிவிடக் கூடாது. பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கமோ கோயில் நிர்வாகமோ ஒரு நாள் ஒதுக்கி, எந்தெந்த வீட்டுப் பிள்ளைக்கு எந்த ஊசி பாக்கி என்று பட்டியல் எடுத்துக் கொடுத்தால், அந்தக் குடியிருப்புக்கே வந்து போடும்படி மாவட்டச் சுகாதார அலுவலகத்திடம் கேட்பதற்கு அதுவே ஆதாரமாகும்.